ஃபேனைப் பார்த்து எடுத்த முதல் படம்

கல்யாணத்துக்குப் படமெடுக்கிற எங்கள் தொழிலில் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பைப் பார்க்க வேண்டும். வேலை அதில்தான் வரும். ‘ஞாயிறு, திருவேற்காடு, கேண்டிட் ஒருத்தர் தேவை.’ ‘புதன், பட்டாபிராம், ரிசப்ஷன் மட்டும்.’ சில வருடங்களாக இந்த வரிகளுக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது: ‘மிரர்லெஸ் மட்டும்.’ கல்யாணப் பத்திரிகையில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று போடுவார்களே, அந்த மாதிரி மரியாதையாகத்தான் இருக்கும். யாரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்பது படிக்கிறவளுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா. உள்ளே சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். பொத்தானை அழுத்தினால் அது மேலே எகிறி, மறுபடி கீழே வந்து உட்காரும். ‘டப்’ என்று சத்தம் கேட்கும். புதிதாக வருகிற மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. எடை குறைவு, சத்தம் இல்லை, ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். நல்ல கேமராதான். பழசுக்காக மாரடிக்கிற ஆள் நான் இல்லை. என் தோள்பட்டையைக் கேட்டால் அதுவே முதல் ஆளாக மிரர்லெஸ்ஸுக்கு ஓட்டுப் போடும். மகளின் படிப்பு முடியட்டும், அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் படிப்பு முடிவதற்குள் என் கேமராவின் காலம் முடிந்துவிட்டது.

முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறேன். ஆவடியில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாஸ்போர்ட் படங்களில் பரு நீக்கி, கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்படியே கல்யாணங்களுக்கு வந்துவிட்டேன். இந்தப் பக்கம் கேமரா தூக்குகிற ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகவே எடுப்பார்கள். என்னைக் கூப்பிடுவது நான் பெண் என்பதால். இதில் எனக்கு ரோஷம் எதுவும் இல்லை.

பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பம். மூன்று பெண்கள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் மூத்தவளின் கல்யாணத்துக்கு, பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். அந்தப் பெண்களின் அம்மா என்னை உட்கார வைத்து, டீ கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“என்ன வேணா எடும்மா. ஆனா முடிஞ்சதும் அந்தக் கார்டு என் கைக்கு வந்துடணும். உன் வீட்டுக்கும் போகக் கூடாது, ஸ்டுடியோவுக்கும் போகக் கூடாது.”

சொன்னபடி கொடுத்தேன். கைக்குட்டையின் ஓரத்தில் அந்த மெமரி கார்டை வைத்து முடிச்சுப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று வாரம் கழித்து நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் முடிச்சை அவிழ்ப்பார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எதைப் பிரிண்ட் போடலாம், எதை அழிக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்லச் செய்வேன். பிறகு கார்டு அவருடைய பீரோவுக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு அவருடைய அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பிடித்துப் போனது. “அந்தப் பொண்ணு கார்டைக் கையில கொடுத்துடும்” என்று அவர் ஒருத்தரிடம் சொன்னால் எனக்கு ஒரு கல்யாணம் வரும். எனக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அவர் வாய்வார்த்தையில் வந்தது. அது போனால் நான் வாட்ஸ்அப்பில் நிற்கிற நூறு பேரில் ஒருத்தி.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பெண்கள் இருக்கிற அறைக்குள் நுழைந்ததும், கேமராவைத் தூக்கி ஃபேனைப் பார்த்து ஒரு படம் எடுப்பேன். ‘டப்’ என்று கேட்கும். பேச்சு ஒரு நொடி நிற்கும். முக்காடு நழுவினவர்கள் இழுத்துவிட்டுக்கொள்வார்கள், படமே வேண்டாம் என்கிறவர்கள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்கள். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அப்புறமும் ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். என் கார்டுகளில் எல்லாம் முதல் படம் ஒரு ஃபேன்தான். அந்த அம்மா கேலி செய்வார், “ஃபேனுக்கு மட்டும் தனியா ஒரு ஆல்பம் போடலாம் போலிருக்கே” என்று.

இரண்டாவது பெண்ணுக்கும் நான்தான் எடுத்தேன். மூன்றாவது பெண்ணின் கல்யாணம் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் அம்பத்தூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒட்டுமொத்தமாக விட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு மட்டும் நான்தான் வர வேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன். நல்ல மாதிரிதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“இன்னாக்கா, இன்னும் அந்த டப்பாவையேவா வச்சுகினு கீற?”

“ஓடுதுப்பா. ஓடுற வரைக்கும் வச்சுக்கலாம்னுதான்.”

“அத்த எடுத்துகினு வராதக்கா. கலரு மேட்ச் ஆவாது, எடிட்டரு என் உசுர வாங்குவான். நானே ஒரு மிரர்லெஸ் தர்றேன்.”

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் சாலையில் அந்த மண்டபம். வாசலிலேயே நின்று கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டான். கார்டை மட்டும் என்னுடையதாகப் போட்டுக்கொண்டேன். என் பழைய கேமராவும் பையில் இருந்தது. அதைக் கொண்டு வராமல் இருக்க மனசு வரவில்லை.

“ஒண்ணே ஒண்ணுக்கா. செட்டிங்ல மட்டும் கைய வச்சுடாத. எல்லாம் செட் பண்ணி கீது. நீ பாட்டுக்கு அமுத்திகினே இரு.”

மண்டபத்து வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். அதில் இருக்கிற க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து முகத்தைக் காட்டினால், நம் முகம் இருக்கிற படங்கள் எல்லாம் எடுக்க எடுக்கப் போனுக்கே வந்துவிடுமாம். லைவ் கேலரி என்று பெயர். இப்போது எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறது. ஆண்கள் பக்கம் எடுக்கிற கேமராக்களுக்கு உள்ள ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெண்கள் இருந்த அறையில் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். ஒரே சத்தம். வழக்கம்போல ஃபேனைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். சத்தமே வரவில்லை. யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை எடுத்தேன். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிரவில்லை. “படம் எடுக்கப் போறேம்மா, வேணாங்கறவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க” என்று வாயால் சொன்னேன். பாதிப் பேர் காதில் விழுந்திருக்கும். அன்றைக்கு முதன்முதலாக அந்த அறையில் நான் திருடி மாதிரி நடந்தேன். யாருக்கும் தெரியாமல் யாரையோ எடுக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சமும் கொஞ்ச நேரம்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படங்கள் அவ்வளவு நன்றாக வந்தன. கல்யாணப் பெண்ணின் இரண்டு கையிலும் மருதாணி, அதனால் மூத்த அக்கா முடியை விரித்துப் போட்டபடியே தட்டை மடியில் வைத்துத் தங்கைக்கு ஊட்டிவிட்டாள். நடுவில் யாரோ எதையோ சொல்ல, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பழைய கேமராவாக இருந்தால் முதல் ‘டப்’பிலேயே வாயை மூடிக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பார்கள். நான் இத்தனை வருடத்தில் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். இன்னும் இன்னும் என்று எடுத்துக்கொண்டே இருந்தேன்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை அம்புக்குறி விட்டுவிட்டு மின்னியது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். என்ன இது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். செட்டிங்கில் கை வைக்காதே என்றானே என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கேமராவைக் கையில் வைத்திருப்பவள், என்ன ஏது என்று தெரியாத ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போயிருக்கக் கூடாது. வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மூத்த பெண் கையில் போனோடு வந்து, என் முழங்கையைப் பிடித்து வாஷ்பேசின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, இது இந்த ரூம் ஃபேன்தானே?”

போனில் ஃபேன் இருந்தது. விரலால் தள்ளினாள். இரண்டாவது ஃபேன். இன்னும் தள்ளினாள். விரித்த முடியோடு அவளே, மடியில் தட்டு, தங்கையின் சிரிப்பு. அவள் தன் முகத்தைக் காட்டித் தன் படங்களைத் தேடியிருக்கிறாள். அது போதாதென்று ‘எல்லாப் படங்களும்’ என்று ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பொத்தான் வாசலில் ஸ்கேன் செய்த எல்லோருக்கும் இருந்தது.

காண்ட்ராக்டருக்குப் போன் அடித்தேன்.

“ஐயோ, உள்ள எடுத்ததும் போய்ட்ச்சா? அது ஆட்டோ அப்லோடுக்கா, எடுத்ததும் தானா கேலரிக்குப் பூடும். போன கல்யாணத்துல போட்ட செட்டிங்கு, அப்படியே கீது போல. இரு, தூக்கிடறேன்.”

“யாரெல்லாம் பார்த்திருப்பாங்க?”

“அத்த எப்டிக்கா சொல்றது. லிங்க்கு எல்லா குரூப்புலயும் சுத்திகினு கீது. டென்ஷனாவாத, டெலிட் பண்ட்டேன்.”

அவன் ‘டெலிட் பண்ட்டேன்’ என்று சொன்ன வேகத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மீது ஏற? அவன் பத்துக் கேமராவைக் கட்டி மேய்க்கிறவன். அவனுக்கு இந்தக் கைக்குட்டை முடிச்செல்லாம் தெரியாது. தெரிந்தது எனக்குத்தான்.

மூத்த பெண் முகம் வெளுத்து நின்றாள். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. இன்னைக்கு வேணாம். தாங்க மாட்டாங்க” என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு அப்போது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மீது எரிச்சல் வருகிறது. சரி என்று தலையை ஆட்டினேன். அந்தக் கேமராவை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பழையதை எடுத்து மிச்சத்தை எடுத்தேன். டப், டப் என்று அது பாட்டுக்குச் சத்தம் போட்டது. கேமரா மாறியதை யாரும் கவனிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம் வந்தது. எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். என் அழுகைக்குக் காரணம் வேறு.

கிளம்பும்போது இரண்டு கேமராவிலிருந்தும் கார்டுகளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். நாற்காலியில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு கார்டாம்மா?”

“ஆமாம்மா. ரெண்டு கேமரா.”

கைக்குட்டையை விரித்து இரண்டையும் வைத்து முடிச்சுப் போட்டார். உடனே என்னை விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? வேற ஒண்ணும் இல்லையேம்மா?”

“ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா வந்திருக்கு.”

“சரி. சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கையை விட்டார்.

அடுத்த மூன்று வாரம் எதிலும் பிடிப்பில்லை. மற்ற கல்யாணங்களுக்குப் போய் வந்தேன். காண்ட்ராக்டர் இன்னும் இரண்டு இடத்துக்குக் கூப்பிட்டான், போனேன். அவனுடைய கேமராதான். வாங்கியதும் முதல் வேலையாக அந்த ஆட்டோ அப்லோடு எங்கே இருக்கிறது என்று தேடி அணைத்தேன். தேட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அன்றைக்கே செலவழித்திருக்கலாம். இதற்கிடையில் என் பழைய கேமராவில் கண்ணாடி மேலே போனால் சில சமயம் கீழே இறங்காமல் சிக்கிக்கொள்ள ஆரம்பித்தது. ரிப்பேர் செய்கிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனிமே இதுக்குப் பார்ட்ஸ் வராதும்மா, கம்பெனியே இந்த மாதிரி பண்றத நிறுத்திகினு கீறான்” என்றார். துடைத்து, ஒரு சொட்டு எதையோ விட்டு, ஓடுகிற வரைக்கும் ஓட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. படம் பார்க்க வரச் சொன்னார். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போகிற வழியெல்லாம், சொல்வதா வேண்டாமா என்று எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகப் போவதில்லை. அவர் கைக்குட்டையை அவிழ்ப்பார், நான் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன், இன்னும் பத்துக் கல்யாணம் வரும். சொன்னால் எல்லாம் போகும். இறங்குகிற வரைக்கும் முடிவு செய்யவில்லை.

டீ வந்தது. பீரோவைத் திறந்து கைக்குட்டையை எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கிப் போட்டிருந்தார் போல. நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“அம்மா, அந்தக் கார்டுல இருக்கறது உங்ககிட்ட மட்டும் இல்லம்மா. வெளிய போயிடுச்சு. கல்யாணத்தன்னைக்கே போயிடுச்சு.”

அவர் கை நிற்கவில்லை. முடிச்சை முழுதாக அவிழ்த்து, கார்டுகளை மேசைமேல் வைத்தார்.

“தெரியும்” என்றார்.

“எப்பம்மா?”

“அன்னைக்கேதான். துபாய்ல இருக்கானே என் தம்பி, லீவு கிடைக்கலன்னு வரல. போன்ல பார்த்துட்டே இருந்திருக்கான். என்னக்கா, உள்ள இருக்கற பொம்பளைங்க படமெல்லாம் வருதேன்னு எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணான். ஃபேன் படம் வந்துச்சுன்னு சொன்னதுமே நீதான்னு தெரிஞ்சுடுச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“படம் போனது தப்புதான். ஆனா மெஷின்ல என்ன வேணா ஆகும், அது எனக்கும் புரியும். நீ வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். கையப் பிடிச்சுட்டுக் கேட்டேனே, வேற ஒண்ணும் இல்லையான்னு. ஒண்ணும் இல்லன்னுட்டியேம்மா.”

மூத்த பெண்தான் சொல்ல வேண்டாம் என்றாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். மன்னிச்சுடுங்கம்மா என்று சொன்னேன். சொல்லும்போதே அது மூன்று வாரம் பழசாகிவிட்டது தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சரி, போடு பார்க்கலாம்” என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அக்கா தங்கைக்கு ஊட்டுகிற படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிண்ட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அழிக்கட்டுமா என்று கேட்டேன். அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார். “நோன்புக்கு முன்னாடி தம்பி பொண்ணு கல்யாணம் வருது. அவன் உன்னை வேணாம்னான். நான்தான் வரச் சொல்லியிருக்கேன்.”

“பழைய கேமராவையே கொண்டு வரேம்மா” என்றேன்.

“எத வேணா கொண்டு வா. உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டிட்டுப் போ.”

அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். பெண்கள் இருக்கிற அறையின் வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் பையைத் திறந்து முன்னால் வைத்தேன். பதினோரு வருடத்தில் அந்த வீட்டார் யாரும் என் பையைத் தொட்டதுகூட இல்லை. பழைய கேமராவை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தார். பின்னால் வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேமராவை அறைக்குள் நீட்டி, ஃபேன் பக்கமாகத் தூக்கி, பொத்தானைத் தேடி அழுத்தினார். ‘டப்’ என்றது. உள்ளே பேச்சு நின்றது. முக்காடுகள் சரியாயின. இரண்டு பேர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள்.

“சரி, போ” என்று கேமராவை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் அவர் என்னைக் கூப்பிடுகிறார், நானும் போகிறேன். கேமரா இன்னும் ஓடுகிறது, சிக்கினால் தட்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டுக் கல்யாணங்களில் முதல் படத்தை இப்போது நான் எடுப்பதில்லை.